முதலில் பூஜ்யம்

ஏப்ரல் வெள்ளம் இசிபிங்கோவில்
ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் புகுந்து
ஆறு ட்ரெட்மில்களின் மேல்
இரண்டு நாள் நின்றுவிட்டுப் போயிருந்தது.
சாண்டிலேயும் நானும் எடைக்கு வாங்கினோம்.
மூடியைக் கழற்றினால்
கரும்புச் சோகை, ஒற்றைக் குழந்தைச் செருப்பு,
சேறு, மேலும் சேறு,
அப்புறம் மோட்டார்.

கழுவிக் காயவைத்து அச்சை விரலால் சுற்றினேன்.
ஒயர் இரண்டும் தனித்தனியே கிடந்தால் லேசாகச் சுற்றும்.
முனைகளை முறுக்கிச் சேர்த்தால்
தேனுக்குள் விட்ட கரண்டி மாதிரி கனக்கும்.
ஒரு குட்டி பல்பை மாட்டினேன், மினுங்கியது.
டிசி மோட்டாருக்கு நாடி பார்க்க
வேறு ஆள் வேண்டாம்.

தகட்டில் இரண்டரைக் குதிரைச்சக்தி என்றிருந்தது.
'அதில் ஒரு குதிரைதான் ஓடும்,
மிச்சம் விளம்பரத்துக்கு' என்றான் சாண்டிலே.

தையல் ஆலையில் பத்தொன்பது வருஷம்
நானூறு மெஷின்களின் வயிறு தெரிந்தவள் நான்.
கதவைப் பூட்டிய அன்று வாசலில்
என் கைப்பையைச் சோதித்தார்கள்.
காதைச் சோதிக்கவில்லை.
கார்பன் தேய்ந்தால் ஒரு கீச்சு,
பேரிங் போனால் வேறொரு கீச்சு,
இரண்டையும் கிளேர்வுட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இங்கே தகரக் கொட்டிலில் ஒரு லேத் இருந்தது,
மூன்று பேஸ் மோட்டார் எரிந்துபோய்,
பல்லி முட்டையிட்டு.
அதற்கு இதை மாட்டினோம்.

முதல் நாள் நன்றாக ஓடியது.
இரண்டாம் நாள் எதிர்ப்பக்கம் சுற்றவேண்டி
ஒயரை மாற்றிக் கொடுத்தேன்.
கனச்சக்கரம் மரையில் ஏறி நிற்பது,
ஒரு பக்கம் சுற்றினால்தான் இறுகும்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
தெரிந்தது அந்த நேரத்தில் கைக்கு வரவில்லை.

ஒரு கிறீச்.
தகரச் சுவரில் முழு நிலா.
பக்கத்து லாரிக் கொட்டிலிலிருந்து செல்லன் படையாச்சி
சக்கரத்தைக் கந்தலில் சுற்றி எடுத்துவந்தார்.
'டீ கப் போச்சு,' என்றார்,
'நான் இருக்கேன்.'
அன்றே குறுக்கே துளைபோட்டு ஆணி அடித்தோம்.
நிலாவை அடைக்கவில்லை. காற்று வருகிறது.

வேகத்துக்கு அதே ட்ரெட்மில்லின் பச்சைப் பலகை,
கேஸ் அடுப்பிலிருந்து கழற்றிய குமிழ்.
அந்தப் பலகைக்கு ஒரு பிடிவாதம்:
ஸ்டேஜ் நாலில் கரண்ட் போய்
இரண்டரை மணி கழித்துத் திரும்பினால்
தானாகக் கிளம்பாது.
குமிழைப் பின்னுக்குத் திருப்பிப் பூஜ்யம் தொடவேண்டும்,
பிறகுதான் மேலே.
எரிந்துவிட்டதென்று இரண்டு முறை கழற்றினேன்,
அதன் தாயையும் இழுத்துத் திட்டினேன்.

ஒரு சாயங்காலம் விளக்கு வந்தபோது
சக் சாவி சக்கிலேயே நின்றிருந்தது,
இருட்டில் நான் விட்டுப்போன இடத்தில்,
என் முகத்துக்கு நேர் உயரத்தில்.
லேத் அசையவில்லை.
அதற்குப் பிறகு திட்டுவதில்லை.

சாண்டிலே வெள்ளைப் பெயின்டில்
சுவரில் ஜுலு மொழியில் எழுதினான்.
கீழே நான் தமிழில் 'முதலில் பூஜ்யம்'.
'ஜ்'வின் வளைவில் பிரஷ் வழிந்துவிட்டது.

இன்று கேட் உருளைக்கு வந்த வாசுகி கோவெண்டர்
மேல் வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார்.
'கலாவா? யார் அது,
புதுசா வேலைக்கு வந்த பெண்ணா?'
'தொடங்கு என்று அர்த்தம் மா,' என்றான் சாண்டிலே,
'முதல் எழுத்தில் நாக்கைச் சொடுக்கணும்.'
அவர் முயன்றார். பல்செட் நகர்ந்தது.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நைலான் துண்டை இறுக்கினேன்.
சாவியை எடுத்து ஆணியில் மாட்டினேன்.
குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து
சுவிட்சைத் தட்ட,
பலகைக்குள் ரிலே
ஒரு சொடுக்கு.

'அப்படித்தான்,' என்றான் சாண்டிலே.
வாசுகி அக்கா மறுபடி முயன்றார்.
வெள்ளைச் சுருள்
என் செருப்பின் மேல் விழத்தொடங்கியது.